கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு

நம் கிராமங்களில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்றால், அந்த வீட்டார்க்கு மட்டுமன்றித் தெரு முழுவதற்கும் மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு தங்கள் கடமை தீர்ந்துவிட்டதாகவே பலர் எண்ணிவிடுகின்றனர். இடம் கிடைத்த நாள் முதல் பட்டம் பெறும் நாள் வரையுள்ள மூன்று, நான்கு ஆண்டுகளில் கல்லூரிக்குள் நடப்பது என்ன, மாணவருக்கு நேரும் இடர்கள் யாவை, அங்கே அவருக்குத் திறக்கும் வழிகள் எவை என்பவற்றை ஊரார் அறிந்துகொள்வதில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுபவராக இருந்தால், வீட்டில் கேட்டறிய ஆளும் இராது. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. பாதியில் நின்றுபோகும் படிப்பு அந்தக் குடும்பத்தின் நஷ்டம். படித்து முடித்தவரின் அறிவு ஊருக்குப் பயன்படாமற் போவது கிராமத்தின் நஷ்டம். ஆகவே, கல்லூரி வாழ்க்கையைப் பற்றிப் பஞ்சாயத்துப் பணியில் உள்ளோரும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம். புதுக்கோட்டை மாவட்டத்தின் அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்குவோம்.

திரைக்குப் பின்னிருந்து படித்த மாணவி

புதுக்கோட்டையில் உயர் கல்வியின் வரலாறு நீண்டது. 1857-ஆம் ஆண்டில் பள்ளியாகத் தோன்றிய ஸ்தாபனம் 1880-ஆம் ஆண்டில் கல்லூரியாக உயர்ந்தது. அதுவே மகாராஜா கல்லூரி என்று பெயர் பெற்றது. இன்று மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி என வழங்கப்படுகிறது. திருமயத்தில் பிறந்து பின்னாளில் பெரும் பேச்சாளராகவும் தேசத் தலைவராகவும் விளங்கிய தீரர் சத்தியமூர்த்தி இக்கல்லூரியில் பயின்றவர்.

இதே கல்லூரியில் பயின்ற மற்றொருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்த இவர், 1902-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்துக் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு மூண்டது. ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று கேட்டவர் பலர். அவருடைய தாயாரின் குலத்தைச் சுட்டிக் குறை கூறியோரும் உண்டு. அப்போது புதுக்கோட்டையை ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார். ஆயினும் வகுப்பறையில் அவர் மற்ற மாணவர்களுக்குத் தெரியாதபடி ஒரு திரைக்குப் பின்னே அமர்ந்தே பாடம் கேட்க வேண்டியிருந்தது.

அந்தத் திரைக்குப் பின்னிருந்து கற்ற பெண் 1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ஆம் ஆண்டில் மருத்துவரானார். 1927-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையின் உபதலைவரானார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947-ஆம் ஆண்டில் சட்டமாக நிறைவேறியது. அடையாற்றில் 1954-ஆம் ஆண்டில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் அவருடைய முயற்சியின் பயனே.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அவருடைய திறமை அவருக்கே உரியது. எனினும் அத்திறமை வெளிப்பட வேறு இருவர் துணை நிற்க வேண்டியிருந்தது. மகளைப் படிக்க வைத்தே தீருவது என்று உறுதி கொண்ட தந்தை ஒருவர். கதவைத் திறந்துவிடும் அதிகாரம் படைத்த மன்னர் மற்றொருவர். இன்று மன்னர் இல்லை. அவருக்குரிய அந்தப் பொறுப்பு மக்களாட்சியில் அரசாங்கத்தையும் கிராம சபையையும் பஞ்சாயத்தையும் சேர்ந்ததாகும்.

தாய்மார் திறந்த வழி

1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அவர்கள் ஊக்குவிக்க, எழுத்தறிவு பெற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். வயலில் கூலி வேலை செய்தோர், கல்லுடைத்தோர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பல திறத்தாரும் இதில் சேர்ந்தனர். கணவரையோ பேருந்தையோ எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் செல்ல அவர்களால் முடிந்தது. கேலி பேசியவர் இல்லாமலில்லை. ஆனால் வழக்கம் மாறிவிட்டது.

அன்று சைக்கிள் ஏறிய தாய்மாரின் மகள்களும் பேத்திகளும் கல்லூரிப் பருவத்தை எட்டிய காலம் இது. அவர்களுக்குத் திரை இல்லை. ஆனால் வேறு தடைகள் உள்ளன. காலை முதல் வகுப்புக்கு ஏற்ற நேரத்தில் பேருந்து வாராமை, உரிய நாளில் சான்றிதழ் கிடைக்காமை, படிப்பு முடியுமுன் திருமணம் பேசுதல் ஆகியவையே அவை. இவற்றுள் ஒன்றுகூட ஊராரால் தீர்க்க முடியாததன்று.

முதல் பருவத்தின் வாட்டம்

நாற்றங்காலில் செழித்து நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால், முதல் சில நாட்கள் அது வாடித்தான் நிற்கும். பச்சை கட்டும் வரையில் விவசாயி தண்ணீரைக் கவனமாகக் காக்கிறார். கல்லூரியில் சேர்ந்த மாணவரின் முதல் ஆறு மாதமும் அத்தகையதே.

கல்லூரிப் படிப்பு ஆண்டுக்கு இரு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பல்கலைக்கழகத் தேர்வு உண்டு. அத்தேர்வில் பெறும் மதிப்பெண் மட்டும் போதாது. பருவத்தின் நடுவே ஆசிரியர் நடத்தும் சோதனைகள், எழுதித் தரும் கட்டுரைகள் ஆகியவற்றுக்கு உரிய உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பள்ளியைப் போல் ஆண்டு முடிவில் விழுந்து விழுந்து படித்துக் கரையேறிவிட இயலாது.

வருகைப் பதிவும் முக்கியமானது. பொதுவாக நூற்றுக்கு 75 வீதம் வகுப்புக்கு வந்திராதவர் தேர்வு எழுதுவதில் சிக்கல் நேரும். அறுவடைக்கும் நடவுக்கும் ஆள் இல்லை என்று பிள்ளையை வாரக்கணக்கில் வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு வார நடவுக் கூலியை மிச்சப்படுத்தப் போய், ஒரு பருவத்தையே இழந்த கதையாகிவிடும்.

தமிழ் வழியில் பயின்றவர் ஆங்கில வழிப் பாடப் பிரிவில் சேர்ந்தால், முதல் சில மாதங்கள் பாடம் விளங்காமல் திகைப்பதும் இயல்பே. அது அறிவுக் குறைவன்று, பழக்கக் குறைவே. நூலகத்தை நாள்தோறும் ஒரு மணி நேரமாவது பயன்படுத்துதல், தமக்கெனக் குறிக்கப்பட்ட வகுப்பாசிரியரிடம் கூச்சமின்றி ஐயம் கேட்டல், உடன் பயிலும் நால்வரோடு கூடிப் படித்தல் ஆகிய மூன்றும் இத்திகைப்பைப் போக்கும். முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தேறாவிட்டாலும் அடுத்த பருவத்தில் எழுதித் தேறலாம். அதற்காகப் படிப்பையே நிறுத்திவிடுவது பேதைமை. வீட்டார் இதை அறிந்திருந்தால், சோர்ந்து வரும் பிள்ளைக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல முடியும்.

வகுப்பறைக்கு வெளியே

கல்லூரியில் கிடைப்பது பாடம் மட்டுமன்று. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ஆம் ஆண்டில், காந்தியடிகளின் நூற்றாண்டின்போது தொடங்கப்பட்டது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாட்கள் ஒரு கிராமத்திலேயே தங்கி முகாம் நடத்த வேண்டும். தேசிய மாணவர் படையில் பயின்று சான்றிதழ் பெறுவோர்க்கு ராணுவத்திலும் காவல் துறையிலும் சேருகையில் அது துணை நிற்கிறது. இவற்றில் சேர்ந்த பிள்ளை, ஊர்வம்பில் நேரத்தை வீணாக்குவதாகப் பெற்றோர் கருதுதல் கூடாது. கூட்டத்தில் எழுந்து பேசவும், பிறரை வைத்து வேலை வாங்கவும், கணக்கெழுதி ஒப்படைக்கவும் அவர் கற்பது அங்கேதான்.

கலைக் கல்லூரி மாணவருக்குப் புதுக்கோட்டை மாவட்டமே ஓர் ஆய்வுக்கூடமாகும். திருக்கோகர்ணத்தில் 1910-ஆம் ஆண்டு முதல் அரசு அருங்காட்சியகம் இருந்துவருகிறது. சித்தன்னவாசல் ஓவியங்களும், குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும் உலகறிந்தவை. வரலாறு பயிலும் மாணவர், தம் ஊர்க் கண்மாயின் மடையிலுள்ள கல்வெட்டைப் படித்துச் சொல்லக் கற்றாரானால், அந்தக் கண்மாய்க்கு முற்காலத்தில் யார் யார் உரிமையோடும் கடமையோடும் இருந்தனர் என்பது ஊராருக்கும் விளங்கும்.

அரசுப் பணியை நாடுவோர் அறிய வேண்டிய விதி ஒன்றும் உண்டு. தமிழ் வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடங்கள் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு, பட்டப் படிப்பை மட்டும் தமிழில் பயின்றால் போதாது. பள்ளிப் படிப்பையும் தமிழ் வழியிலேயே பயின்றிருத்தல் வேண்டும். ஆகவே, பள்ளியை விட்டு வரும்போதே தலைமையாசிரியரிடம் தமிழ் வழிச் சான்று பெற்று வைத்துக்கொள்வது நலம்.

கிராமமே வகுப்பறையாகும் கல்லூரி

அன்னவாசல் வட்டாரத்திலுள்ள குடுமியான்மலையில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண்மைக் கல்லூரி 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வம்பனில் 1983-ஆம் ஆண்டு முதல் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அங்கே உருவான வம்பன் உளுந்து ரகங்கள் மாவட்டத்திற்கு அப்பாலும் பயிராகின்றன.

வேளாண்மைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. மண்ணியல், உழவியல், பயிர்ப் பெருக்கம், பூச்சியியல், பயிர் நோயியல், வேளாண் பொருளாதாரம் எனப் பல பாடங்கள் உண்டு. மாணவர்கள் தாமே பாத்தி பிடித்து, விதைத்து, களையெடுத்து, அறுவடை செய்து விளைச்சலைக் கணக்கிட வேண்டும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இது எளிதாகத் தோன்றலாம். ஆனால் தந்தை பழக்கத்தால் செய்வதன் காரணத்தை மகன் அங்கேதான் அறிகிறான்.

இறுதியாண்டில் கிராமத் தங்கல் பயிற்சி என்ற ஒன்று உண்டு. மாணவர்கள் குழுக்களாகக் கிராமங்களுக்குச் சென்று, விவசாயிகளோடு பழகி, அவர்களுடைய வேலைகளில் பங்கு கொள்கின்றனர். ஊரார் நடுவே தரையில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தை இட்டு, கண்மாய், கிணறு, மேட்டு நிலம், பள்ள நிலம், தெருக்கள் ஆகியவற்றைக் குறிக்கின்றனர். எந்த மாதத்தில் வேலை மிகுதி, எந்த மாதத்தில் கடன் மிகுதி என்று பருவக் கால அட்டவணை ஒன்றும் தயாரிக்கின்றனர். வரைவது மாணவராயினும் விவரம் தருவது ஊராரே. அந்தப் படமும் அட்டவணையும் கல்லூரிப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், ஒரு பிரதி பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருக்குமானால் கிராமத் திட்டம் வகுக்கையில் பெரிதும் உதவும்.

மாணவர்கள் செய்முறை விளக்கங்களும் நடத்துகின்றனர். சான்றாக, மண் மாதிரி எடுக்கும் முறையைக் கூறலாம். ஒரு வயலில் பத்து, பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் சருகை நீக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஆப்பு வடிவில் குழி வெட்டி, அதன் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்கு பங்காக்கி, எதிர் எதிர்ப் பங்குகள் இரண்டை ஒதுக்கிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும் வரையில் இவ்வாறு செய்து, அதனைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வரப்போரத்திலும், எருக்குவியல் இருந்த இடத்திலும், மர நிழலிலும் எடுத்தல் கூடாது.

அவ்வாறே உளுந்துக்கு டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும் முறையும் காட்டப்படுகிறது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை முதல் நாள் இரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த கரைசலை வடித்து, 200 லிட்டர் நீராக்கி, பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மற்றொரு முறையும் தெளித்தால் பூ உதிர்வது குறைந்து காய் பிடிப்பது மிகும்.

இருபது வயதுப் பிள்ளை நமக்குச் சொல்வதா என்று சில பெரியவர்கள் முகம் திருப்பிக்கொள்வதுண்டு. அம்மாணவரோ, மானாவாரி நிலத்தில் மழையை எதிர்நோக்கி விதைக்கும் துணிவையும், கண்மாய்ப் பாசனத்தில் முறை வைத்து நீர் பிரிக்கும் நுட்பத்தையும் அந்தப் பெரியவரிடமிருந்தே கற்க வந்திருக்கிறார். இருவர் கல்வியும் சேர்ந்தால் இருவருக்குமே லாபம்.

பட்டம் பெற்றபின் வேளாண்மை அலுவலர் பணி, வங்கிகளில் வேளாண் கடன் பிரிவுப் பணி, மேற்படிப்பு, ஆராய்ச்சி எனப் பல வழிகள் உள்ளன. ஊரிலேயே மண் பரிசோதனை, விதை உற்பத்தி, நாற்றங்கால் போன்ற தொழில் நடத்த விரும்புவோருக்கென வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தை மத்திய அரசு 2002-ஆம் ஆண்டில் தொடங்கியது.

பணமும் சான்றிதழும்

பணமில்லாமையால் படிப்பு நிற்க வேண்டிய நிலையைக் குறைக்க அரசாங்கம் சில ஏற்பாடுகள் செய்துள்ளது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோருக்கு, மருத்துவப் படிப்பில் 2020-ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021-ஆம் ஆண்டிலும் நூற்றுக்கு ஏழரை இடங்கள் சட்டத்தின் மூலம் ஒதுக்கப்பட்டன.

ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதியும் தாலிக்குத் தங்கமும் வழங்கி வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022-ஆம் ஆண்டில் உயர் கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. புதுமைப் பெண் எனப் பெயர் பெற்ற இதன்படி, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரியில் சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்த ஏற்பாடாயிற்று. தாலிக்கென்று ஒதுக்கிய பணம் புத்தகத்திற்கென்று மாறியதன் பொருளைப் பெற்றோர் உணர வேண்டும். மாணவர்களுக்கும் இத்தகைய உதவி 2024-ஆம் ஆண்டில், தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. இவையன்றி, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர்க்கான கல்வி உதவித் தொகையும், அரசு விடுதிகளும் உண்டு. எந்த உதவிக்கு எந்த நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கை நாளிலேயே கேட்டறிய வேண்டும்.

இவ்வுதவிகள் எல்லாவற்றுக்கும் திறவுகோல் சான்றிதழ்களே. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். தந்தை பெயர் ஒரு தாளில் ஒரு விதமாகவும் மற்றொரு தாளில் வேறு விதமாகவும் இருப்பதால் மனு தள்ளுபடியாவது சாதாரணமாக நடப்பது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே இவற்றைச் சரி செய்துகொண்டால் கடைசி நேர அலைச்சல் இராது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

முதலாவது, மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில், அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளின் பட்டியலை வைத்து, ஒவ்வொருவரும் மேலே என்ன படிக்க இருக்கிறார், எது தடையாக உள்ளது என்று விசாரிக்கலாம். கல்லூரி விண்ணப்பங்கள் பெரும்பாலும் அம்மாதத்திலேயே தொடங்குவதால் இது தக்க தருணம்.

இரண்டாவது, பேருந்து. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் வசதி 2021-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆனால் வசதி இருந்தும் வண்டி உரிய நேரத்தில் வாராவிட்டால் பயனில்லை. எத்தனை மாணவர், எந்தக் கல்லூரி, எத்தனை மணிக்கு வகுப்பு என்ற கணக்கோடு தீர்மானம் நிறைவேற்றிப் போக்குவரத்துக் கழகத்திற்கு அனுப்பினால், வெறும் கோரிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, படிக்க ஓர் இடம். ஓரறை வீட்டில் இரவு எட்டு மணிக்குமேல் விளக்கெரித்துப் படிப்பது எளிதன்று. ஊர் நூலகத்தையோ பொதுக் கட்டடத்தின் ஓர் அறையையோ, நல்ல விளக்கும் நாற்காலியும் இட்டு, மாலை முதல் இரவு வரை திறந்து வைக்கலாம். மாணவிகள் அச்சமின்றி வந்து போகும் இடமாக அது இருத்தல் வேண்டும்.

நான்காவது, முகாமுக்கும் பயிற்சிக்கும் வரும் மாணவரை வரவேற்று, அவர்களுக்குத் தகுந்த வேலை கொடுத்தல். வாய்க்கால் தூர்வாருதலும் மரம் நடுதலும் நல்ல காரியங்களே. அவற்றோடு, ஊரிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை அளத்தல், நிலங்களின் மண் மாதிரி எடுத்தல் போன்ற, பின்னாளில் பயன்படும் கணக்கெடுப்பு வேலைகளையும் ஒப்படைக்கலாம்.

ஐந்தாவது, ஊரிலிருந்து படித்துச் சென்றோரின் பெயரேடு ஒன்றைப் பேணுதல். யார் எங்கே, என்ன பணியில் உள்ளார் என்பது தெரிந்தால், அடுத்து வரும் பிள்ளைக்கு வழி கேட்க ஒருவர் இருப்பார். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு இல்லாத துணையை ஊர் இவ்வாறு அளிக்க முடியும்.

மேலும், மகள் படித்துக்கொண்டிருக்கையில் திருமணப் பேச்சு எழுந்தால், படிப்பு முடியட்டும் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் துணிவு ஊர்ப் பெரியோருக்கு வேண்டும். இதற்குத் தீர்மானமும் நிதியும் தேவையில்லை. ஒரு சொல் போதும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையில் ஒரு பெண் கல்லூரியில் படிக்க மன்னரின் ஆணை வேண்டியிருந்தது. இன்று கல்லூரிகளின் கதவுகள் நம் பிள்ளைகளுக்குச் சட்டத்தாலேயே திறந்துள்ளன. அவற்றினுள் நுழைந்தவர் இடையில் திரும்பிவிடாமல், கற்க வேண்டியதைக் கற்று, பெற வேண்டியதைப் பெற்று வெளிவரும்படி துணை நிற்பது கிராமத்தின் வேலை. பள்ளிக்கூடக் கட்டடத்தையும் சாலையையும் போலவே இதையும் ஒரு கிராம அபிவிருத்திப் பணியாகக் கருதி, வரும் கிராம சபையிலேயே பட்டியல் தயாரிக்கத் தொடங்குவோமாக.